நூற்றைம்பது பவுண்டு காற்று

அக்டோபர் முழுக்க ஓரெஸ்ட் ஹால்கோ
பிக்கப்பின் அடியில் மல்லாந்து கிடந்தான்.
எனக்குத் தெரிந்தது அவன் பூட்ஸ் மட்டும்.
இடது கால் ஆடிக்கொண்டே இருக்கும்,
போல்ட் இளக மறுத்தால் நின்றுவிடும்.

நான் ஒளிந்து பார்க்கவில்லை.
பாத்திரத் தொட்டிக்கு நேரே அவன் வாசல்;
உருளைக்கிழங்கு சீவ
எனக்கு வேறு ஜன்னல் கிடையாது.

முதல் சனிக்கிழமை ஸ்டெப்னியைக் கழற்றினான்.
அந்தக் காலி இடத்தில் ஐந்து காலன் தொட்டி,
அதை ஒட்டிக் கம்ப்ரஸர்.
அடுத்த வாரம் நீலக் குழாய்,
சைலன்ஸரின் சூடு படாமல்
சுற்றுவழியில் போனது.
பிறகு நான்கு ஊதுகுழல்கள், சிவப்பு,
குரூப் போட்டோவுக்கு
உயரவாரியாக நிறுத்திய பிள்ளைகள் மாதிரி.
மூட்டுக்கு மூட்டு சோப்பு நுரை தடவி
எங்கே குமிழ் விடுகிறது என்று
முகத்தை ஒட்டவைத்துப் பார்த்தான்.
கல்யாணமான புதிதில் மனைவியைக்கூட
அவ்வளவு கிட்டத்தில் பார்த்திருக்க மாட்டான்.

எதற்கு இதெல்லாம் என்று
பெட்ரோல் பங்க் ப்ரூனியாதான் சொன்னாள்.
நெடுஞ்சாலையில் ஒரு கோதுமை லாரி
இவனைப் பள்ளத்தில் இறக்கியிருக்கிறது.
இவன் ஹாரன் அடித்தானாம்,
ஆட்டுக்குட்டி இருமியது மாதிரி.
லாரிக்காரன் ரேடியோவைக்கூடக் குறைக்கவில்லை.

எனக்கும் அவனுக்கும் இரண்டு வருடமாகப் பேச்சில்லை.
வழித்த பனியை என் வேலிமேல் குவித்தான்,
வேலி படுத்தது.
நான் டவுன் ஆபீசுக்கு எழுதிப் போட்டேன்.
எண்பது டாலர் அபராதம்,
சில்லறையாகக் கொண்டுபோய்க் கொட்டினான்.

ஒரு ஞாயிறு மதியம் முதன்முதலாக அடித்தான்.
என் கோப்பையில் காப்பி வட்டம் வட்டமாய் அதிர்ந்தது.
தூரத்து மாடுகள் அத்தனையும்
ஒரே பக்கம் திரும்பின.
எங்கள் ஊர்த் தண்டவாளத்தைப் பிடுங்கிப்
பத்தொன்பது வருடம் ஆகிறது;
மூன்றாம் வீட்டு அக்னெட்டா
கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டாள்.

இப்போது என் பங்கு.

அழுத்திய காற்று தண்ணீர் விடும்.
தொட்டிக்குக் கீழே ஒரு திருகு இருக்கும்,
குளிர் வருமுன் திறந்து வடித்துவிட வேண்டும்.
பால் பண்ணையில் இருபத்தாறு வருடம்
கம்ப்ரஸர் ஓட்டியவள் நான்.
அந்தத் திருகை அவன் ஒருநாளும் தொடவில்லை என்று
இந்த ஜன்னலுக்குத் தெரியும்.
வேலிக்கு மேலே ஒரு வாக்கியம் போதும்.
நவம்பரில் சொல்லவில்லை.
டிசம்பரில், கேட்டால் சொல்லலாம் என்றிருந்தேன்.

ஜனவரி, மைனஸ் முப்பத்துநான்கு.
விடிகாலை நாலரை.
வேலைக்குக் கிளம்பியவன் முன்னால்
நடுவாசலில் ஒரு மான்.
சும்மா ஒரு தட்டுத் தட்டியிருக்கிறான்.
வால்வு திறந்தது.
உள்ளே பனிக்கட்டி.
மூடவில்லை.

சஸ்காட்செவனில் அவ்வளவு பெரிய சத்தத்துக்கு
இடம் இருக்கிறது,
எங்கள் தெருவில் இல்லை.
அவன் பொத்தானைக் குத்துகிறான்,
டாஷ்போர்டுக்கு அடியில் ஒயரைப் பிய்க்கிறான்,
காலியாகக் காலியாகக் கம்ப்ரஸர் நிரப்புகிறது,
நூற்றைம்பது பவுண்டு,
மறுபடியும் நூற்றைம்பது பவுண்டு.

நைட்டிமேல் கோட்டு,
பூட்ஸ் எந்தக் காலில் எது என்று தெரியாது,
படுத்த வேலியைத் தாண்டினேன்.
அது படுத்திருந்தது நல்லதாய்ப் போயிற்று.
பானெட்டைத் தூக்கி
பாட்டரிப் பக்கம் துழாவிப் பிடுங்கினேன்.

ஊதுகுழல்கள் உடனே சாகவில்லை.
பெரியது முதலில் தளர்ந்தது,
நடுவில் இரண்டும் சுருதி விலகின,
குட்டி மட்டும்
கொஞ்ச நேரம் தனியாக அழுதது.

பிறகு ஓரெஸ்ட்டின் வாய் அசைந்தது.
மூச்சு வெள்ளையாக வந்தது, சொல் வரவில்லை.
என் காதில் ஒரே ரீங்காரம்,
அவனுக்கும் அதேதான் போல,
தலையைச் சாய்த்துத் தட்டிக்கொண்டான்.

"தண்ணியை வடிக்கணும்" என்றேன்.
அவன் புருவத்தைச் சுருக்கினான்.
மறுபடி சொன்னேன், இன்னும் உரக்க.
எனக்கே கேட்கவில்லை.

தெரு முழுக்க விளக்கு எரிகிறது.
கையுறை இல்லாத என் உள்ளங்கையில்
அந்தப் பச்சை ஃபியூஸ், முப்பது ஆம்பியர்,
இன்னும் கொஞ்சம் சூடாக.
குனிந்து, வண்டிக்கடியில்
தொட்டியைக் காட்டினேன்.
அவனும் குனிந்தான்.